யார் வெட்டிய வாய்க்கால்?

கோலா செபெத்தாங்கில் பதினைந்து வருடங்களாகத் தூண்டில் போடுகிறேன். ஆனால் அந்த ஊரின் பழைய ரயில் நிலையப் பலகையில் தமிழ் இருப்பதைப் போன வருடம்தான் கவனித்தேன்.

அன்று படகுக்காரர் தண்ணீர் ஏறட்டும் என்று சொல்லிவிட்டார். கோப்பிக் கடையில் உட்கார்ந்து நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மஞ்சள் வெயிலில் அந்தப் பலகை நின்றது. ரோமன் எழுத்து, ஜாவி, சீனம், தமிழ். நான்கிலும் போர்ட் வெல்ட் என்றே எழுதியிருந்தது. அது கோலா செபெத்தாங்கின் பழைய பெயர். ரயில் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. பலகையும் டிக்கெட் விற்ற சின்ன அறையும் மட்டும் மிச்சம். சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நண்டு சாப்பிடப் போகிறார்கள். நானும் இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் இறால் வாங்கப் போயிருக்கிறேன்.

ஒரு மீனவக் கிராமத்து ரயில் நிலையத்தில் தமிழ் எதற்கு? படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எளிய பதில். அவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு போனதில், நான் மீன் பிடிக்கும் இடங்கள் எல்லாமே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

வட பேராக்கில் லாருட், மாத்தாங், கிரியான் என்ற வட்டாரத்தைத் தாண்டி நான் பெரும்பாலும் போவதில்லை. கமுந்திங்கில் பிறந்தவன். மோட்டாரில் அரை மணி நேரம் மேற்கே போனால் கடல், அரை மணி நேரம் வடக்கே போனால் ஏரி, வீட்டுக்குப் பின்னால் ஈயக் குட்டை. இதற்குமேல் ஒரு தூண்டில்காரனுக்கு என்ன வேண்டும்? எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. ரயில்வே கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே வேலை. எந்த இடத்தில் தூண்டிலைப் போட்டாலும் அப்பா ஒரு வாசகம் வைத்திருப்பார்.

"இத வெட்டுனது நம்மாளுங்கதான்டா."

ஏரியா, நம்மாளுங்க. வாய்க்காலா, நம்மாளுங்க. கம்பிச் சடக்கா, கேட்கவே வேண்டாம். சின்ன வயதில் பெருமையாக இருந்தது. வளர்ந்த பிறகு, அப்பாக்கள் சொல்லும் கதைதானே என்று விட்டுவிட்டேன். பள்ளியில் படித்த சரித்திரத்தில் மனதில் நின்றது ஒரே வரிதான்: சீனர் ஈயத்துக்கு வந்தார்கள், இந்தியர் ரப்பருக்கு வந்தார்கள். அதில் தண்ணீருக்கு இடமில்லை.

*

அந்தப் பலகையிலிருந்தே தொடங்குகிறேன். 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. தூரம் எட்டு மைல், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயரைத்தான் துறைமுகத்துக்கு வைத்தார்கள். லாருட்டின் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் ரயிலின் வேலை. பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகளை வரவழைத்தார்கள். இலங்கையில் சாலைகள் போட்டுப் பழகிய கூலிப்படை அது. தென்னிந்தியத் தமிழர்கள் நிறைந்தது. பிறகு ரயில்வே வளர வளர, தண்டவாளத்தில் தமிழகத்துக் கூலிகளும் நிலையத்துக்குள் யாழ்ப்பாணத்து கிளார்க்குகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் நிறைந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ், கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தமிழ். பலகையில் இருப்பது இரண்டு பேருக்கும் பொதுவான தமிழ்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வருடம்தான். 1885. மலாயாவில் ரப்பரைப் பெரிய அளவில் நட ஆரம்பித்ததே 1890களின் கடைசியில். ரப்பர் விலை ஏறி எல்லோரும் தோட்டம் போட ஓடியது 1905க்குப் பிறகு. அதற்கு இருபது வருடம் முன்பே இந்தச் சேற்றில் தமிழர் கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேறு என்று சும்மா சொல்லவில்லை. கோலா செபெத்தாங்கில் படகில் ஏறிப் பத்து நிமிடம் போனால் இரண்டு பக்கமும் பாக்காவ் மரங்கள்தான். மாத்தாங் சதுப்புக்காடு சுமார் 40,000 ஹெக்டேர். நூறு வருடத்துக்கும் மேலாகக் கணக்குப் போட்டு வெட்டி, மறுபடி நட்டுப் பராமரிக்கிற காடு. வெட்டிய மரம் ஊருக்குள் இருக்கும் சூளைகளில் கரியாகிறது. தண்ணீர் ஏறும்போது கொடுவா வேர்களுக்கு நடுவே இரை தேடி வரும். உயிர் இறாலை முதுகில் குத்தி வேருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றத் தொடங்கினால் ஓடையின் வாயில் செம்பிலாங் கிடைக்கும். கெளுத்திக்கும் விலாங்குக்கும் பிறந்த மாதிரி ஒரு மீன். முள்ளில் விஷம். ஒருமுறை என் கட்டைவிரலில் குத்தி, சாயங்காலம்வரை அழாத குறைதான். படகை விட்டு ஒருநாள் அந்தக் கரையில் இறங்கினேன். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. ஒரு காலை எடுப்பதற்குள் மற்ற கால் புதைகிறது. அந்த நிமிடத்தில்தான் எட்டு மைல் என்பது எவ்வளவு தூரம் என்று எனக்குப் புரிந்தது.

*

அடுத்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டை. ஈயம் தோண்டி முடித்து விட்டுப்போன பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்தது. தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. ஊருக்குள் இருக்கும் அழகான ஏரிப் பூங்காவும் 1880இல் ஒரு பழைய ஈயச் சுரங்க நிலத்தில் உருவானதுதான். பூங்காவுக்குப் பெயர் கிடைத்தது. எங்கள் குட்டைகளுக்குக் கிடைக்கவில்லை. கரை சரசரவென்று ஆழத்துக்கு இறங்கும். அதனால் 'தனியா போகாத' என்பது கமுந்திங் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாசகம்.

இந்தக் குட்டைகளின் சரித்திரம் சீனச் சுரங்கத் தொழிலாளர்களுடையது. 1861இல் கீ ஹின், ஹாய் சான் கூட்டங்களுக்கு நடுவே லாருட்டில் முதல் சண்டை மூண்டது சுரங்கத்துக்குப் போகும் தண்ணீர் வாய்க்கால் பற்றிய தகராறில். ஈயத்தைக் கழுவித்தான் எடுக்க வேண்டும் என்பதால் வாய்க்கால் யார் கையிலோ ஈயமும் அவர் கையில். சண்டை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் நடந்தது. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலேயர் பேராக்குக்குள் கால் வைத்ததும் அப்போதுதான். சண்டை ஓய்ந்த ஊருக்குத் தைப்பிங் என்று பெயர் வைத்தார்கள். சீனத்தில் நிலைத்த அமைதி என்று பொருள்.

அப்பா இங்கே மட்டும் 'நம்மாளுங்க' என்று சொல்ல மாட்டார். ஆனால் இந்தக் குட்டையில் எங்களுக்கும் ஒரு மீன் உண்டு. பாட்டி அதை ஜப்பான் மீன் என்பார். திலாப்பியாதான். ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. சேறு, சூடு, அழுக்கு எதற்கும் அசையாது. எங்கே விட்டாலும் பெருகும். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்ற மூன்றே முக்கால் வருடத்தில் அந்த மீன்தான் கவிச்சிக்கு உதவியது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அதே காலத்தில்தான் தாத்தாவின் அண்ணனை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. பாட்டி கடைசிவரை அந்த மீனை வீட்டில் சமைக்கவில்லை. "சேத்து வாட அடிக்குது" என்பார். நான் புளி ஊற்றிக் குழம்பு வைத்து ருசியாகத்தான் சாப்பிடுகிறேன். வாடை எதிலிருந்து வந்தது என்று பாட்டி இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

*

வடக்கே போனால் கிரியான். இப்போது பேராக்கின் நெற்களஞ்சியம். சாலையின் இரண்டு பக்கமும் பச்சை, நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் நேராக ஓடும் வாய்க்கால்கள். விரால் பிடிக்க இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. ரப்பர் தவளையைக் களைக்கு மேலே வீசி, தத்தித் தத்தி வருவதுபோல இழுக்க வேண்டும். திடீரென்று தண்ணீர் வெடிக்கும். உடனே சுண்டக்கூடாது. மூன்று எண்ணிவிட்டுச் சுண்டு என்பார் அப்பா.

ஆனால் கிரியான் முதலில் நெல்லுக்கு மட்டும் பேர்போனதில்லை. கடலோரத்தில் கோலா குலா என்று ஓர் ஊர் இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். குலா என்றால் மலாயில் சர்க்கரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செபராங் பிறையிலிருந்து இந்தக் கடலோரம்வரை கரும்புத் தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கப்பல் கூலிக் கடனை உழைத்துத் தீர்க்கும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் ஜெயில். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த ஒப்பந்த முறையை 1910இல்தான் நிறுத்தினார்கள். அதை ஒட்டிய வருடங்களில் கரும்பும் போய் ரப்பர் வந்தது. ஆக, கரும்புச் சாறு காய்ச்சிய கைகள்தான் பிறகு ரப்பர்ப் பால் எடுக்கப் போயின. பாகான் செராய்ப் பக்கம் பிரெஞ்சுப் பாதிரியார்கள் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடிவைத்து விவசாயம் செய்ய வைத்ததும் அந்த நூற்றாண்டிலேயே. நாம் தமிழர் வரலாறு என்று தொடங்கும்போது ரப்பர் மரத்தின் கீழேதான் போய் நிற்கிறோம். கிரியான்காரன் அதற்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

கரும்பு ஒரு பக்கம் இருக்க, நெல்லுக்கு வானத்தை நம்பித்தான் இருந்தார்கள். மழை பொய்த்தால் வயல் வெடித்துப்போகும். சுரங்கத்திலும் தோட்டத்திலும் இருப்பவர்களுக்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வந்துகொண்டிருந்தது. இங்கேயே விளைய வைக்கலாமே என்று அரசாங்கம் நினைத்தது. குராவ் ஆற்றை மறித்துக் கட்டி, 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் தயாரானது. நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம். அங்கிருந்து தெருசான் பெசார், தெருசான் செலின்சிங் என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் கிளம்பி இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் தண்ணீர் காட்டுகின்றன, இன்றைக்கும்.

புக்கிட் மேராவில் தோமான் கிடைக்கும், செபாராவ் கிடைக்கும். கெலிசா என்கிற தங்க நிற அரோவானாவின் சொந்த ஊரும் இதுதான். சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன். கண்ணாடித் தொட்டியில் அதிர்ஷ்டத்துக்கு வளர்ப்பவர்கள் கொடுக்கிற விலையே அதற்கு எமனாகிவிட்டது. நான் இதுவரை ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. ஏரிக்கு நடுவே ரயில் போகும். பழைய ஒற்றைத் தடம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போடப்பட்டது. இரட்டைத் தடம் வந்தபோது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் பாலம் கட்டிவிட்டார்கள். அப்பா கேங்கில் இருந்தபோது அந்தப் பழைய தடத்தில் நடந்து கட்டை பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கம்பிச் சடக்கு. தூரத்தில் மீன் துள்ளும், கையில் சுத்தியல். "அந்தக் கொடுமய என்னான்னு சொல்றது" என்பார்.

*

அப்பாவின் பெரிய கதையும் இந்த ஏரியைப் பற்றியதுதான். அவருடைய தாத்தா, எனக்குக் கொள்ளுத் தாத்தா, ஊரிலிருந்து வந்து முதலில் பார்த்த வேலை புக்கிட் மேராவில் மண் சுமந்தது. ஏரி முடிந்த பிறகுதான் ரயில்வேக்குப் போனாராம். வீட்டில் அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. போட்டோ கிடையாது. அப்பாவின் வாய்தான் ஆவணம்.

காலம் பொருந்துகிறது. அந்தக் காலத்தில் பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் தென்னிந்தியக் கூலிகளை நம்பித்தான் வேலை நடத்தின. அதனால் கதை நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் காலனி அரசின் அறிக்கைகளுக்கு என்று ஒரு புத்தி உண்டு. எத்தனை மைல் வாய்க்கால், எவ்வளவு செலவு என்று எழுதுவார்கள். வெள்ளைக்கார இன்ஜினியரின் பெயர் இருக்கும். மண் சுமந்தவன் 'கூலிகள்' என்ற பன்மைக்குள் போய்விடுவான். அந்தப் பன்மைக்குள் என் கொள்ளுத் தாத்தாவை நுழைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது. ஊர்ஊராகத் தூண்டிலோடு போனபோதெல்லாம் மனதுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இது நாங்கள் வெட்டியது. இதுவும் நாங்கள் வெட்டியது.

போன நவம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு செலின்சிங் பக்கம் போனேன். முழங்கால் வலி அவருக்கு. வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நான் தவளையை எடுத்தேன். பத்தடியில் தண்ணீர்மேல் சிவப்பாக ஒரு கூட்டம் குமிழியிட்டது. விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அந்த நேரத்தில் தவளையை வீசினால் பசிக்காக இல்லை, கோபத்தில் வந்து கவ்வும். நூற்றுக்கு நூறு மீன் உறுதி. கை தன்னால் உயர்ந்தது.

"ஜாங்கான்!"

பின்னால் வயல் வரப்பில் ஒரு முதியவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும் என்றார் மலாயில். அப்பா நாற்காலியிலிருந்து, "நானும் இதத்தான் இவங்கிட்ட முப்பது வருஷமா சொல்றேன் பாங்" என்று தமிழும் மலாயுமாகச் சொன்னார். நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டேன்.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முழங்கால், உரம், பேரப்பிள்ளைகள். பாக்ச்சிக் பஞ்சார் வம்சம். கலிமந்தானிலிருந்து வந்து கிரியான் சதுப்பை வயலாக்கியதில் பஞ்சார்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சதுப்பில் வாய்க்கால் எடுத்து நீரை வடிப்பதில் கெட்டிக்காரர்கள். அவர் சைக்கிள் கைப்பிடியால் வாய்க்காலைக் காட்டிச் சொன்னார்:

"இதைத் தோண்டியது என் தாத்தா."

எனக்குள் நடந்துகொண்டிருந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி வந்து நின்றுவிட்டார். அவரிடமும் காகிதம் இல்லை. வாய்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். எழுபதை நெருங்கும் மனிதர், வாழ்நாள் முழுக்க 'நம்மாளுங்க' என்று சொன்னவர், என்ன சொல்லப்போகிறார்?

அப்பா வாய்க்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "அப்படியா? அப்ப உங்க தாத்தா இந்தக் கரை. எங்க தாத்தா அந்தக் கரை."

பாக்ச்சிக் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பேச்சு மறுபடியும் முழங்காலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அப்பா விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அணையும் பெரிய வாய்க்காலும் அரசாங்க வேலை. கூலிக்கு ஆள் வைத்துச் செய்தது. அதிலிருந்து பிரிந்து வயலுக்குள் போகும் பாரிட்கள் குடியானவர்கள் தங்கள் கையால் எடுத்தவை. காட்டை அழித்து நிலத்தைச் சமப்படுத்தியதும் அவர்கள்தான். பெரிய வாய்க்கால் இல்லாமல் சின்னதில் தண்ணீர் இல்லை. சின்னது இல்லாவிட்டால் பெரியதால் ஒரு கதிர்கூட விளையாது. இரண்டு தாத்தாக்களும் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. என் வழக்கில்தான் கோளாறு. நாங்களும் என்று நிரூபிக்கக் கிளம்பியவன் எப்போது நாங்கள் மட்டும் என்று மாறினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அதற்காக 'நாங்களும்' என்பதை விட்டுவிடப் போவதில்லை. போர்ட் வெல்ட் பலகையில் நான்கு எழுத்தும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. அதில் ஒன்று உதிர்ந்தாலும் பலகை அப்படியே நிற்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் எனக்குப் பயம். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போகும்போது தமிழ்ப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுகிறேன்.

அப்பாவின் கதைகளைப் போனில் பதிவுசெய்ய ஆரம்பித்திருக்கிறேன். எந்த லயம், எந்த கங்காணி, எந்த வருடம் என்று கேட்டால் எரிச்சல்படுகிறார். மீன் பெயரில் தொடங்கினால் தானாக வருகிறார். பனையேறிக் கெண்டை என்றார் நேற்று. எனக்கு அது பெத்தோக். அதை முதன்முதலில் பிடித்த இடம் எது என்று கேட்டேன். கேங் ஆட்கள் குளிக்கும் ஓடை, பொண்டோக் தஞ்சோங் தாண்டி, பாலத்துக்குக் கீழே என்றார். தாத்தாதான் கூட்டிப்போனாராம்.

மழை விட்டதும் அந்த ஓடையைத் தேடிப் போக வேண்டும். இருக்கிறதோ, மூடிவிட்டார்களோ. அப்பா தானும் வருவேன் என்கிறார். நாற்காலியை மோட்டாரில் கட்ட ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.